அனிமேஷன் படிக்க மூணு வருஷ டிகிரியா, ஒரு வருஷ டிப்ளமாவா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் இரண்டு வழிகள்தான் பேச்சுக்கு வரும். ஒன்று, கலை அறிவியல் கல்லூரியில் மூன்று வருஷம்: பி.எஸ்சி. அனிமேஷன், அல்லது அனிமேஷன் சில பேப்பர்களாக மட்டும் வரும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்). இன்னொன்று, பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கும் இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருஷ டிப்ளமா. என் ஓட்டு கல்லூரிக்கு. காரணம் மட்டும் அப்பாமார் வழக்கமாகச் சொல்லும் காரணம் இல்லை.

அவர்கள் சொல்வதும் சரிதான், அதை முதலில் முடித்துவிடலாம். டிகிரி இருந்தால் குரூப் 2 எழுதலாம், பேங்க் பரீட்சை எழுதலாம். ஐஐடி பம்பாயில் எம்.டெஸ். (டிசைன் முதுகலை) அனிமேஷன் படிக்க வேண்டுமென்றால் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது மூன்று வருஷப் படிப்பு வேண்டும், ஒரு வருஷ டிப்ளமா செல்லாது. வெளிநாட்டு ஸ்டூடியோ வேலைக்குக் கூப்பிட்டாலும் பல நாடுகளின் விசா விண்ணப்பத்தில் டிகிரிதான் முதல் கேள்வி. டிப்ளமா பக்கம் பார்த்தால், சாஃப்ட்வேர் சீக்கிரம் கைக்கு வரும், வேலை சீக்கிரம் கிடைக்கும், தமிழ் ஆங்கிலம் என்று பாகம் ஒன்று, பாகம் இரண்டு பேப்பர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அகமதாபாத் என்ஐடியிலோ (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்), தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் நாலு வருஷ அனிமேஷன் பிரிவிலோ இடம் கிடைத்தால் யோசிக்காமல் போய்ச் சேருங்கள். இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். இந்தக் கணக்கு அங்கே இடம் கிடைக்காத மற்ற எல்லோருக்கும்.

ஸ்டூடியோவில் உங்கள் மார்க் ஷீட்டை யாரும் முதலில் பார்ப்பதில்லை. பார்ப்பது ரீல், அதாவது நீங்கள் செய்த ஷாட்டுகளில் நல்லதைக் கோத்த சின்ன வீடியோ. அறுபது முதல் தொண்ணூறு வினாடி, நாலைந்து ஷாட். பார்ப்பவர் முதல் பத்து வினாடியில் முடிவுக்கு வந்துவிடுவார். அந்த அறுபது வினாடியைச் செய்ய எவ்வளவு நாள் பிடிக்கும், அந்த நாள் எந்தப் படிப்பில் கிடைக்கும்? எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு வருஷ டிப்ளமாவின் பாடத்திட்டத்தை மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர். அப்புறம் மாயா என்ற 3டி சாஃப்ட்வேரில் மாடலிங் (உருவத்தைச் செய்வது), டெக்ஸ்சரிங் (அதன் மேற்பரப்புக்கு நிறம் பூசுவது) என்று மூன்று மாதம். உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு பூட்டும் ரிக்கிங் ஒரு மாதம், லைட்டிங் ஒரு மாதம். காட்சியின் அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், நியூக் சேர்த்து இரண்டு மாதம். கடைசி மாதம் ரீல். அனிமேஷனுக்கென்று மிஞ்சுவது எட்டு வாரம். மாதங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கு இன்ஸ்டிடியூட் முன்னே பின்னே இருக்கும். எட்டு வாரம் பன்னிரண்டு வாரமாகும், இருபதாகாது.

எட்டு வாரத்தில் என்ன வரும்? ஒரு பெண் குழாயடியில் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறாள் என்று ஆறு வினாடி ஷாட் எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்), மொத்தம் 144. தினம் பார்க்கும் காட்சி, ஆனால் செய்ய உட்கார்ந்தால் தெரியும். புதிதாகச் செய்பவர் கை குடத்தைப் பிடித்த அதே ஃபிரேமில் குடத்தையும் மேலே ஏற்றிவிடுவார். பார்க்கும்போது காலிக் குடம் மாதிரி இருக்கும். பதினைந்து லிட்டர் தண்ணீர் அப்படி எழும்பாது. கை பிடிக்கும், முழங்கை நீளும், தோள் இறங்கும், இடுப்பு கீழே போகும், அதன்பிறகு ஆறேழு ஃபிரேம் இழுத்த பிறகுதான் குடம் தரையை விடும். இடுப்பில் வைத்ததும் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், காலியான கை தானாக விலகி நிற்கும். இதை ஒரு தடவை சொன்னால் புரியும். கையில் வர நாலு தடவை திருத்த வேண்டும்.

சிக்கல் அதோடு முடியாது. குடம் முதலில் தரைக்குச் சொந்தம், அப்புறம் கைக்கு, அப்புறம் இடுப்புக்கு. சொந்தம் மாறும் இந்த இரண்டு இடத்திலும் கன்ஸ்ட்ரெயின்ட்டை, அதாவது குடத்தை எதோடு கட்டியிருக்கிறோம் என்பதை, மாற்ற வேண்டும். மாற்றும் ஃபிரேமில் குடத்தின் இடத்தை அப்படியே பிடித்துப் பதியாவிட்டால், அதாவது கீ வைக்காவிட்டால், குடம் ஒரு ஃபிரேம் துள்ளும். போன் வீடியோவை ரெஃபரன்ஸாக வைத்தால் இன்னொரு பொறி இருக்கிறது. போன் பெரும்பாலும் 30 ஃபிரேமில் எடுக்கும். அதைப் படத்தொடராகப் பிரித்து 24 ஃபிரேம் சீனில் போட்டால் ஒரு வினாடி அசைவு ஒன்றேகால் வினாடி ஓடும். டைமிங் எல்லாம் சோம்பலாக வந்து, ஏன் என்று தெரியாமல் ஒரு வாரம் போகும். முதலில் வீடியோவை 24-க்கு மாற்றிவிட்டுப் பிரிக்க வேண்டும்.

இந்த ஒரு ஷாட்டுக்கு, ஸ்டெப்டு பிளாக்கிங் (முக்கிய நிலைகளை மட்டும் வைப்பது), திருத்தம், ஸ்ப்லைன் (இடையில் உள்ள அசைவை ஓடவிடுவது), மறுபடி திருத்தம், பாலிஷ் என்று மாணவர் கைக்கு மூன்று நாலு வாரம் ஆகும். நாலு ஷாட் என்றால் நாலு மாதம். முதலில் செய்யும் பத்து ஷாட் ரீலில் போடுகிற மாதிரி இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிக்கும் பந்து, வால் வைத்த பந்து, நடை, ஓட்டம், தாவல் எல்லாம் அந்தப் பத்தில் போய்விடும். நடையிலேயே எத்தனை பேர் மாட்டுகிறார்கள்! 1-ஆவது ஃபிரேமில் குதிகால் தரையில், 4-ல் உடம்பு இறக்கம், 7-ல் கால் கடப்பது, 10-ல் ஏற்றம், 13-ல் அடுத்த குதிகால். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் முட்டி சடக்கென்று நிமிரும். இடுப்பை அதிகம் ஏற்றியதால் கால் முழுக்க நீண்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஃபிரேமில் இடுப்பை ஒரு துளி இறக்கி, முட்டியில் கொஞ்சம் மடிப்பு விட்டால் சரியாகும்.

இதற்கெல்லாம் வேண்டிய நாள் எட்டு வாரத்தில் இல்லை, ஆறு செமஸ்டரில் இருக்கிறது. கல்லூரி அனிமேஷனை நன்றாகச் சொல்லித்தருகிறது என்பதல்ல என் வாதம். பல இடங்களில் சுமாராகத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் மதியம் வகுப்பு முடிந்து மிச்சமிருக்கும் பொழுது, செமஸ்டர் லீவு, ஐந்தாம் ஆறாம் செமஸ்டர் பிராஜெக்ட் என்று கணக்குப் பார்த்தால் கெட்ட ஷாட்டுகளைச் செய்து தூக்கிப்போட இடம் இருக்கிறது. ஓவியம், போட்டோகிராபி, எடிட்டிங் பேப்பர்கள் வீண் என்று முதல் வருஷப் பிள்ளைகள் புலம்புவார்கள். ஃபிரேமில் ஆளை எங்கே நிறுத்துவது என்ற அறிவு அங்கிருந்துதான் வருகிறது.

கல்லூரியில் கெட்டுப்போவது எங்கே என்றும் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு லேப் பூட்டு. நாற்பது பேருக்கு ஒரே ஆசிரியர். பிராஜெக்ட்டை எட்டுப் பேர் குழுவாகச் செய், இரண்டு பேர் உழை, எட்டுப் பேரும் மார்க் வாங்கு. சேருவதற்கு முன்னால் மதியம் மூன்று மணிக்கு லேபைப் போய்ப் பாருங்கள். போன வருஷம் முடித்தவர்களின் ரீலைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்; பிரின்சிபால் அறையில் ஓடும் விளம்பரப் படம் வேண்டாம், பிள்ளைகள் செய்த ரீல். கடைசி பிராஜெக்ட் தனியாளா, குழுவா என்று கேளுங்கள். இன்ஸ்டிடியூட்டே டிகிரியும் சேர்த்துத் தருகிறேன் என்றால், அந்த டிகிரி எந்தப் பல்கலைக்கழகம் தருவது, தொலைநிலைக் கல்வியா, அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி தளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கம்ப்யூட்டர் இரண்டு வழிக்கும் பொது. 32 ஜிபி ரேம், 12 ஜிபி நினைவு உள்ள கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மூன்று வருஷம் ஓட்டலாம். சாஃப்ட்வேருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மாயா மாணவர்களுக்கு வருஷத்துக்கொரு தரம் புதுப்பிக்கும் இலவச உரிமத்தில் கிடைக்கும். எஃபெக்ட்ஸுக்கான ஹௌடினியின் அப்ரென்டிஸ் பதிப்பு இலவசம், ரெண்டர் (கடைசிப் படமாக வெளியே எடுப்பது) மட்டும் 1280x720-க்கு மேல் போகாது, வாட்டர்மார்க்கும் விழும். பிளெண்டர் முழுக்க இலவசம். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் அதில்தான் செய்யப்பட்டது.

ரீலுக்காக எல்லாவற்றையும் ரெண்டர் போடுவது இன்னொரு வீண் வேலை. பத்து வினாடி ஷாட் 240 ஃபிரேம். ஃபிரேமுக்கு ஆறு நிமிஷம் என்றால் ஒரு முழு நாள், அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். அனிமேட்டர் வேலை கேட்பவருக்குச் சாம்பல் நிற பிளேபிளாஸ்ட் (ரெண்டர் போடாமல் திரையிலிருந்து எடுக்கும் முன்னோட்ட வீடியோ) போதும். ரெண்டர் போட்டே ஆக வேண்டுமென்றால் நேராக வீடியோவாகப் போடாமல் படத்தொடராகப் போடுங்கள். 170-ஆவது ஃபிரேமில் கரண்ட் போனால் 170-லிருந்து தொடரலாம். வீடியோ என்றால் ஒன்றிலிருந்து.

இவ்வளவும் கேரக்டர் அனிமேஷனை மனதில் வைத்துச் சொன்னது. மாடலிங், லைட்டிங் ரீலுக்கு நாட்கணக்கு கொஞ்சம் மாறும், திசை மாறாது என்றுதான் நினைக்கிறேன். ரோட்டோ (ஃபிரேம் ஃபிரேமாக உருவத்தின் ஓரத்தை வெட்டிப் பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது) வேலைக்குப் போக நினைப்பவருக்குக் கணக்கே வேறு. ஆறு மாதப் பயிற்சியில் வேலைக்கு உட்காரலாம், அதற்கு மூன்று வருஷம் அதிகம். ஆனால் 2021-ல் நியூக் 13-லேயே காப்பிகேட் என்ற கருவி வந்துவிட்டது. சில ஃபிரேமுக்கு நாம் ரோட்டோ போட்டுக்கொடுத்தால் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மிச்சத்தைத் தானே போட முயலும். பிசிறு முடி, மோஷன் பிளர், ஒன்றையொன்று மறைக்கும் கைகள் என்று அது தடுமாறும் இடங்களைக் கையால் சுத்தமாகப் போடத் தெரிந்தவருக்குத்தான் இனி அந்த நாற்காலி.

ஏற்கெனவே பி.இ.யோ பி.காமோ முடித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு மறுபடி மூன்று வருஷம் தேவையில்லை. அவர்கள் இன்ஸ்டிடியூட்டுக்கே போகலாம். எல்லாம் கலந்த பெரிய கோர்ஸை விட்டுவிட்டு ஒரே ஒரு பிரிவை மட்டும் எடுத்து, கட்டணத்தைத் தவணையாகப் பிரித்து, முதல் தவணைக்கு ரசீது வாங்கிக்கொண்டு, பாடம் நடத்துபவர் கடைசியாக எந்த ஷாட்டில் வேலை பார்த்தார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.