கட்டில் வாடகை வேறு, கவனிப்பு வேறு

31 வருடம் கணக்குத் தணிக்கை வேலை பார்த்தவன் நான். பிறர் பில்லில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். அப்படிப்பட்டவன், பக்கவாதம் வந்த அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த அன்று, படித்தே பார்க்காமல் ஏழு இடங்களில் கையெழுத்துப் போட்டேன். மருத்துவமனையில் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவசரத்தில் வேறென்ன செய்வது?

நர்சிங் ஹோம் என்றதும் பலருக்குச் சிறிய மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு முடங்கிப்போனவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் இடம். அம்மா அங்கே போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. குறையும் சொல்லப்போவதால் இடத்தின் பெயரை எழுதவில்லை.

முதலில் தொலைபேசியில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள். கட்டுப்படியாகும் என்று நிம்மதியாக இருந்தேன். அது கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் என்பது முதல் பில் வந்தபோதுதான் புரிந்தது. கவனிப்புக்குத் தனிக் கட்டணம். அதிலும் மூன்று நிலைகள்: மேற்பார்வை, ஓரளவு உதவி, முழு உதவி. நோயாளி எந்த நிலை என்பதைச் சேர்க்கும்போது நடக்கும் மதிப்பீடு முடிவு செய்கிறது. இந்த அரைமணி நேரத்தை நான் வெறும் சடங்காக நினைத்துவிட்டேன்.

அவர்கள் வைத்திருந்தது பார்தெல் அட்டவணை, ஒருவர் அன்றாட வேலைகளைப் பிறர் உதவியில்லாமல் எவ்வளவு செய்துகொள்கிறார் என்று அளப்பது. 1965-இல் வெளியானது, இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது என்று பத்துக் கேள்விகள், மொத்தம் 100 மதிப்பெண். குளிப்பதற்கு 5தான், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15 வரை. மதிப்பெண் ஏறினால் கட்டணம் இறங்கும்.

அம்மாவுக்கு வலது கை வராது. வந்த செவிலியர் மரியாதையாகத்தான் கேட்டார்: “சட்டைப் பட்டன் நீங்களே போட்டுக்கொள்வீர்களா அம்மா?” “ஏன், போடாமல்?” என்றாள் அம்மா. அந்நியர் முன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. இடது கையால் முதல் பட்டனை மாட்டினாள். இரண்டாவது துளையைத் தேடித் தேடி ஒருவழியாக உள்ளே போனது. செவிலியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், மூன்றாவதை என் கை தானாகப் போய்ப் போட்டுவிட்டது. உடுத்துவதற்கு முழு மதிப்பெண் விழுந்தது. அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

மொத்தம் 70, “ஓரளவு உதவி”. மூன்று வாரத்தில் மறு மதிப்பீடு, 45, “முழு உதவி”. அதற்குப் பிறகு வந்த பில்லில், உயர்ந்த கட்டணத்தைச் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிட்டிருந்தார்கள். மறு மதிப்பீட்டுத் தேதியிலிருந்துதான் தருவேன் என்று இரண்டு கடிதம் எழுதிய பிறகு திருத்தினார்கள். மறதியை அளக்க அந்த அட்டவணையில் ஒரு வரி கூட இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். கால் நிற்காது என்பதை மறந்து அம்மா நடுராத்திரியில் எழுந்திருக்கப் பார்ப்பாள். அதை நாமாகச் சொன்னால்தான் உண்டு. சேர்க்கப்போகிறவர்கள் நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மோசமான ராத்திரியைச் சொல்லுங்கள்.

கையெழுத்துகளில் ஒன்று, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்பதற்கு. இன்னொன்று, அம்மாவின் பணம் தீர்ந்தால் என் பணத்திலிருந்து கட்டுவதற்கான உத்தரவாதம். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் இருந்தன. மருத்துவக் காப்பீட்டை நம்பிப் பயனில்லை. அது பொதுவாகச் சிகிச்சைக்குக் கொடுக்கும், குளிப்பாட்டி ஊட்டிவிடுவதற்குக் கொடுக்காது. வங்கிக் கணக்கைக் கையாளும் அதிகாரப் பத்திரத்தை, பெற்றவர்களுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே வக்கீலிடம் எழுதி வாங்கிவிடுங்கள். நினைவு தவறிய பிறகும் அது செல்லுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ஐந்தாவது மாதம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். அந்த மாதப் பில்லில் கட்டில் வாடகை முழுதாக இருந்தது. சரி, அவளுக்காகக் காலியாக வைத்திருந்தார்கள், ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது. கவனிப்புக் கட்டணமும் முழுதாக இருந்தது. போதாததற்கு ஒரு நாளைக்கு நான்கு வீதம் டயாபர். ஆள் இல்லாத கட்டிலுக்கு 36 டயாபர்! கணக்குப் பிரிவில் இருந்த இளைஞர் கணினியைப் பார்த்து, “அது தானாகவே ஏறிவிடும் சார்” என்றார். தானாக இறங்குமா என்று கேட்டேன். டயாபரும் ஒன்பது நாள் கவனிப்பும் அடுத்த பில்லில் கழிந்தன. கேட்காமல் இருந்திருந்தால் கழிந்திருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: கவனிப்பில் குறை இல்லை. அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் தொங்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை இடது, மல்லாந்து, வலது என்று புரட்டிப் படுக்க வைத்ததற்கான நேரமும் சுருக்கொப்பமும் அதில் இருக்கும். தணிக்கைக்காரன் புத்தி, இதை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் இரவு பதினொரு மணிக்குச் சொல்லாமல் போனேன். பத்து மணிக்கு “இடது” என்று இருந்தது, அம்மா இடப்பக்கம்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பன்னிரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. இன்றுவரை ஒரு படுக்கைப்புண் வரவில்லை. தண்ணீர் டம்ளரை இடது கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பகல்நேர உதவியாளர் ஒருவர் இரண்டாம் நாளே தானாக அந்தப் பக்கம் மாற்றி வைத்துவிட்டார்.

கவனிப்புக்கு ஐந்தில் நாலரை போடுவேன். சேர்க்கை நடைமுறைக்கும் பில்லுக்கும் சேர்த்து ஒன்றரைதான்.

போன வாரம் பேச்சுக்கு நடுவில் அம்மா திடீரென்று, “மாதாமாதம் எவ்வளவுடா கட்டுகிறாய்?” என்று கேட்டாள். கட்டில் வாடகையை மட்டும் சொன்னேன்.