ஸ்பானிஷ் வினைப் பயிற்சி ஆப்: பாதி விலைக்கு வருகிறதே, போடலாமா?

ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு இறங்கியிருக்கிறது, போடலாமா என்று நண்பர் கேட்டார். நிகழ்காலம் பல ஆப்களில் இலவசம்தான். காசு கேட்பது இறந்தகாலத்துக்கு, அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

எழுத்து மாறும் வினைகளுக்கு இதைவிட நல்ல வாத்தியார் எனக்குக் கிடைக்கவில்லை. ‘புஸ்கார்’ என்றால் தேடுவது, ‘புஸ்கே’ என்றால் தேடினேன். தமிழில் எழுதினால் இரண்டிலும் அதே ‘க’தான். அந்த ஒலியைக் காப்பாற்றத்தான் ஸ்பானிஷில் ‘சி’ போய் ‘க்யூ’வும் ‘யூ’வும் வருகின்றன. புத்தகம் இதை விதியாகச் சொல்லும். இந்த ஆப்போ நாம் தப்பாக அடித்ததை அப்படியே வாசித்துக் காட்டும். ‘சி’யை மாற்றாமல் விட்டால் ‘புஸ்ஸே’ என்கிறது. வந்து சேர்ந்தேன் என்பதற்கு ‘யெகே’. அதில் ‘யூ’வை விட்டுவிட்டால் ‘யெஹே’ என்று தொண்டையைச் செருமுகிறது! காதில் விழுந்த பிறகு விதி எதற்கு? இந்த மாற்றமும் ‘நான்’ வடிவத்தில் மட்டும்தான். நீ, அவன், அவர்கள் எல்லாம் பழைய எழுத்திலேயே இருப்பார்கள்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். எழுத்தின் தலையில் போடும் அழுத்தக் குறியை இந்த ஆப் மதிப்பதே இல்லை. குறி இல்லாமல் அடித்தாலும் பச்சை டிக். ‘பகார்’ வினையின் ‘பகே’ வடிவத்தில் கடைசி எழுத்துக்குக் குறி போட்டால் ‘பணம் கட்டினேன்’, போடாவிட்டால் ‘பணம் கட்டுங்கள்’. இது சின்ன விஷயமா? அடுத்தது இன்னும் மோசம். படித்தாய் என்னும் ‘லெயீஸ்தே’வுக்குக் குறி கட்டாயம். கட்டடம் கட்டினாய் என்னும் ‘கோன்ஸ்த்ருயிஸ்தே’வுக்குப் போடவே கூடாது, ஏனென்றால் ‘யூ’வும் ‘ஐ’யும் அடுத்தடுத்து வந்தால் எழுத்து விதி அதை ஒரே அசையாகத்தான் எண்ணும். இரண்டையும் எப்படி அடித்தாலும் டிக் விழுகிறது. அப்புறம் எங்கே கற்றுக்கொள்வது?

கறாராகத் திருத்த ஒரு பொத்தான் வையுங்கள் என்று எழுதிக் கேட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்குக் கஷ்டமாம். அடுத்த அப்டேட்டில் ஸ்டிக்கர்கள் வந்தன.

ஆண்டுச் சந்தா வேண்டாம். ஒரு மாதத்துக்குப் போட்டு, இறந்தகாலத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். என்னுடையது போன வாரம் முழு விலைக்குத் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. ரத்து செய்யலாம்தான், ஆனால் அந்த ‘யெஹே’ வேறெங்கே கிடைக்கும்?