கல்லடி வகுப்புக்கு எந்த வடிகட்டி? பை-ஹோலா, அட்கார்ட் ஹோமா?

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு கணினி வகுப்பின் இணைய இணைப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 18 கணினிகள், பிள்ளைகளின் கைபேசிகள், எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைபர். சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் திரையில் சூதாட்ட விளம்பரம் வந்து நின்ற அன்றே வடிகட்டி தேடத் தொடங்கினேன். காசு கட்டி வாங்க வசதியில்லை. அதனால் திறந்த மூல மென்பொருள்களைத்தான் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஸ்க்விட். கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று பக்கங்களைப் பார்த்து அனுப்பும் மென்பொருள் அது. முகவரியின் உட்பக்கம்வரை பார்த்துத் தடுக்கும் பலம் அதற்கு உண்டு. ஆனால் இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ், அதாவது போய்வரும் தரவு மறையாக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு கருவியிலும் நமது சான்றிதழைப் பதிக்க வேண்டும். பிள்ளைகளின் சொந்தக் கைபேசியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிஎஃப்சென்ஸ் என்ற தீச்சுவர் மென்பொருளில் ஓடும் பிஎஃப்பிளாக்கர்என்ஜி என்ற தடுப்பு நிரல் உறுதியானது. ஆனால் முழுப் போக்குவரத்தும் அந்த ஒரு பெட்டி வழியாகப் போகும். அது படுத்தால் வகுப்பே படுத்துவிடும். இரண்டையும் விட்டேன்.

மிஞ்சியவை பை-ஹோலும் அட்கார்ட் ஹோமும். இரண்டும் டிஎன்எஸ் வடிகட்டிகள். தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். சந்தியில் வழி சொல்பவரைப் போல. கூடாத வீட்டுக்கு வழி கேட்டால் சொல்லமாட்டார், அவ்வளவுதான். வீட்டுக்குள் எந்த அறை என்பது அவருக்குத் தெரியாது. யூடியூப் விளம்பரத்தை இரண்டாலும் தடுக்க முடியாததற்கு இதுதான் காரணம்: காணொளி வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வருகிறது.

பை-ஹோலின் கேள்விப் பதிவு எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தக் கணினி எந்த நேரத்தில் எதைக் கேட்டது என்பது வரிவரியாக நிற்கும். 2025இல் வந்த ஆறாம் பதிப்பில் அமைப்புகளை மாற்றும் இணையப் பக்கத்தை ஓட்டும் சேவையகமும் உள்ளேயே சேர்ந்துவிட்டதால் நிறுவுவதும் இலகு. நன்கொடையில் நடக்கும் திட்டம் என்பதும் மனதுக்கு நிறைவு.

சரி, பிறகு ஏன் அட்கார்ட் ஹோம்? வகுப்பு சேர் ஒரு சனிக்கிழமை காலை அழைத்தார்: "தம்பி, ஒபிஸ் கொம்பியூட்டருக்கு மட்டும் ஃபேஸ்புக்கைத் திறந்துவிடலாமா?" அப்போது ஓடியது பை-ஹோல். குழு உருவாக்கு, கணினியைச் சேர், பட்டியலை இணை என்று பக்கம் பக்கமாகத் தொலைபேசியில் சொல்லி முடிக்க அரை மணி நேரம். அட்கார்டில் அந்தக் கணினியின் பக்கத்தைத் திறந்து, தடுத்த சேவைகளில் ஃபேஸ்புக்கை எடுத்துவிட்டால் போதும். எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கலாம் என்றும் அங்கேயே குறிக்கலாம். கூடாத தேடல் முடிவுகளை மறைக்கும் பாதுகாப்பான தேடலுக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. பை-ஹோலில் அதை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். கேள்வியை இடையில் யாரும் படிக்க முடியாத மறையாக்கிய டிஎன்எஸ்ஸும் அட்கார்டில் உள்ளேயே உண்டு, பை-ஹோலுக்கு வேறொரு மென்பொருளின் துணை வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளில் சேர் தனியாகச் சமாளிப்பது எதில் என்றுதான் பார்த்தேன்.

எதைப் போட்டாலும் ரவுட்டரில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பிள்ளை வேறொரு சந்தியில் வழி கேட்டால் நமது ஆள் நின்று என்ன பயன்? வடிகட்டியைத் தவிர வேறு எதுவும் டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசலான 53ஆம் போர்ட் வழியாக வெளியே கேட்க முடியாதபடி பூட்டுங்கள். ஆண்ட்ராய்டின் தனிப்பட்ட டிஎன்எஸ் போகும் 853ஆம் போர்ட்டையும் மூடுங்கள். வடிகட்டி ஓடும் கணினி நின்றால் உதவட்டும் என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8 போடுபவர்கள் அதிகம். போடாதீர்கள். கருவிகள் இரண்டிடமும் கேட்கும், பாதி வடிகட்டல் அங்கேயே ஒழுகிவிடும். உதவிக்கு ஒன்று வேண்டுமென்றால் இரண்டாவது வடிகட்டியையே வையுங்கள்.

இப்போது வகுப்பில் அட்கார்ட் ஒரு பழைய மடிக்கணினியில் ஓடுகிறது. கரண்ட் போனாலும் அதன் பற்றரி தாங்குவதால் திடீரென்று அணைந்து தரவு கெடுவதில்லை. பை-ஹோல் என் வீட்டில் ஓடுகிறது. அங்கே பதிவைப் பார்ப்பவனும் பட்டியலைத் திருத்துபவனும் நானேதான்.