நீண்ட வரிசை வண்டியா, பக்கத்து வண்டியா? ஆஸ்டின் பக்கத்துப் பார்பெக்யூ ஒப்பீடு

டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் ஊரில், வெயில் கடுமையாவதற்கு முந்தைய மாதங்களில், சனிக்கிழமை மாலைதோறும் பூங்காவை ஒட்டிய வாகன நிறுத்துமிடத்தில் நடக்கும் உணவு விழாவில் வண்டிகள் அணிவகுத்து நிற்கும். சென்ற முறை வந்த பதினைந்து வண்டிகளில் இறைச்சி சுடுபவை மூன்று. ஒன்று, ஊரே பெயர் சொல்லும் டெக்சாஸ் பாணி பிரிஸ்கட் வண்டி. இன்னொன்று, வடக்குக் கரோலினா முறையில் பன்றி இறைச்சி விற்கும் சிறிய வண்டி. மூன்றாவது, கொரிய முறையில் ஊறவைத்த மாட்டிறைச்சியை டாக்கோவில், அதாவது மடித்த மெக்சிகோ ரொட்டியில், வைத்துத் தரும் வண்டி. இரண்டு குடும்பங்களாகப் போயிருந்ததால் ஆளுக்கொரு வரிசையில் நின்று, மூன்றிலும் வாங்கிவந்து, புல்வெளியில் ஒரே விரிப்பில் வைத்து ஒப்பிட்டுச் சாப்பிட வாய்த்தது.

வண்டி உணவு என்றால் கடை உணவுக்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் இந்த ஊரில் செல்லாது. இன்று உலகமெங்குமிருந்து ஆட்கள் தேடிவரும் ஃபிராங்க்ளின் பார்பெக்யூ 2009-இல் ஆஸ்டினில் ஓர் இழுவை வண்டியாகத்தான் தொடங்கியது. 2011-இல் அது கட்டடத்துக்கு மாறியது. 2015-இல் அதன் உரிமையாளர் ஆரோன் ஃபிராங்க்ளினுக்கு, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்டு விருது கிடைத்தது. கொரிய டாக்கோவுக்கும் அப்படி ஒரு முன்னோடி உண்டு: 2008-இல் லாஸ் ஏஞ்சலஸில் சமையல்காரர் ராய் சோயும் கூட்டாளிகளும் தொடங்கிய கோகி வண்டிதான், இரவில் எந்தத் தெருவில் நிற்கப்போகிறோம் என்பதை ட்விட்டரில் அறிவித்து, வண்டிக்கு முன்னால் வரிசை கட்டும் பழக்கத்தை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. ஆகவே மூன்று வண்டிகளையும் சரிசமமாக மதித்தே அணுகினோம்.

முதலில் பிரிஸ்கட். இது மாட்டின் முன்னங்கால்களுக்கு இடைப்பட்ட நெஞ்சுப் பகுதி. உடலின் பாரத்தைச் சுமந்து உழைக்கும் தசை என்பதால் நாரும் இணைப்புத் திசுவும் மிகுந்தது, அவசரமாகச் சுட்டால் செருப்புத் தோலாகிவிடும். ஐந்து முதல் ஏழு கிலோ வரையுள்ள முழுத் துண்டின் மேல் உப்பையும் கரகரப்பாக உடைத்த மிளகையும் தவிர அநேகமாக வேறெதுவும் தடவாமல், போஸ்ட் ஓக் என்ற ஓக் மர வகையின் விறகுப் புகை ஓடும் இரும்புப் பீப்பாயில், நெருப்பு நேராகப் படாதபடி ஒதுக்கிவைத்து, 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாட்டுகிறார்கள். உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி வந்ததும் மணிக்கணக்கில் நகராமல் நின்றுவிடும். வியர்வை உலரும்போது உடல் குளிர்வதுபோல, மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதே காரணம். அந்த நேரத்தில் தாளில் சுற்றி மீண்டும் உள்ளே வைத்து, 95 டிகிரியை ஒட்டியதும் எடுத்து, சில மணி நேரம் ஆறப்போடுவார்கள். அதற்குள் இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக உருகியிருக்கும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதே பொருள்தான் நல்ல பிரிஸ்கட்டின் மென்மைக்கும் காரணம்.

இந்தத் துண்டில் இரண்டு தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. கொழுப்பு ஓடிய மேல்தசையை இங்கே 'மாய்ஸ்ட்' அல்லது 'ஃபேட்டி' என்றும், கொழுப்புக் குறைந்த அடித்தசையை 'லீன்' என்றும் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பீட்டில் எங்களுக்கு நேர்ந்த முதல் சறுக்கல் இதில்தான். ஒரு மணி பத்து நிமிடம் நின்று நான் முகப்பை அடையும் நேரத்தில், எனக்கு இரண்டு பேர் முன்னால் 'மாய்ஸ்ட்' தீர்ந்துவிட்டது. கரும்பலகையில் அதன் மேல் சுண்ணாம்புக் கோடு விழுவதைக் கண்ணெதிரே பார்த்தேன். கிடைத்தது 'லீன்' மட்டுமே.

வரிசையில் நின்ற நேரம் முழுக்க வீணாகவில்லை, ஏனென்றால் அந்த வரிசை எதனால் நீள்கிறது என்பது அருகில் போகப்போகப் புரிந்தது. முகப்பில் கத்தி பிடித்தவர் ஒரே ஒருவர். ஒவ்வொருவரிடமும் எந்தத் தசை, எத்தனை பவுண்டு என்று கேட்டு, முழுத் துண்டைத் தாளிலிருந்து பிரித்து, நாருக்குக் குறுக்கே பென்சில் தடிமனில் அரிந்து, தராசில் வைத்து, கூடினால் ஒரு துண்டை எடுத்து, தாளில் மடித்துத் தருகிறார். மேல்தசைக்கும் அடித்தசைக்கும் நார் ஓடும் திசை வேறு என்பதால் இடையில் துண்டைத் திருப்பவும் வேண்டும். ஆளுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். எனக்கு முன்னால் நாற்பத்தைந்து பேர். முன்கூட்டியே அரிந்து வைத்தால் வரிசை பாதியாகும், ஆனால் அரிந்த பிரிஸ்கட் காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே கருத்து உலர்ந்துவிடும் என்பதால் தொழில் தெரிந்த எவரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆகவே வரிசையின் நீளத்தைச் சுவையின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது தவறு. அது பாதிக்குப் பாதி கத்தியின் வேகத்தைத்தான் காட்டுகிறது.

சுவை? வெளியே கரி போலத் தோன்றும் மிளகுத் தோட்டை இங்கே மரப்பட்டைக்கான 'பார்க்' என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். அது அருமையாக இருந்தது. துண்டை ஆள்காட்டி விரலின் மேல் தொங்கவிட்டால் இருபுறமும் வளைய வேண்டும், ஆனால் அறுந்து விழக் கூடாது என்பது பதம் பார்க்கும் வழக்கம். எங்கள் துண்டு வளைந்தது, ஆனால் மெல்லும்போது வறட்சி தெரிந்தது. வண்டிக்காரர் முந்தைய இரவே சுட்டு முடித்து, 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் சூட்டுப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்; விழா முடியும் நேரத்துக்கு மிஞ்சிய அடித்தசை அத்தனை மணி நேரம் காத்திருந்தது அதில் தெரிந்தது. போதாததற்கு, மாலைக் காற்றில் பத்தே நிமிடத்தில் சூடு அடங்கி, ஓரத்துக் கொழுப்பு மெழுகுபோல உறைந்தது. இறைச்சியின் ஓரத்தில் ஓடும் இளஞ்சிவப்பு வளையத்தைப் படம் எடுத்துக்கொண்ட நண்பரிடம், அது புகையில் உள்ள வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம்தான், சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொன்னேன். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பன்றி இறைச்சி வண்டியில் என் மனைவி நின்றது ஏழு நிமிடம். வடக்குக் கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியைச் சுட்டு, காடியும் மிளகாயும் கலந்த நீர்த்த சாஸில் பிரட்டுவார்கள். லெக்சிங்டன் பக்கத்தில் தோள்பட்டையை மட்டும் சுட்டு, அதே காடிச் சாஸில் கொஞ்சம் தக்காளி கெச்சப் சேர்ப்பார்கள். இந்த வண்டியில் தோள்பட்டை, ஆனால் சாஸ் கிழக்குப் பக்கத்தது; இரண்டு மரபுக்காரர்களும் கோபித்துக்கொள்ளக்கூடிய கலவை என்றாலும் எங்களுக்குப் புகாரில்லை. தோள்பட்டையில் கொழுப்பு தசைக்குள்ளேயே விரவிக் கிடப்பதால், வெந்தபின் அதை நார் நாராகப் பிய்த்து, வடிந்த சாற்றையும் காடியையும் ஊற்றிப் பிரட்டி, மூடிவைத்தால் மூன்று மணி நேரம் ஆனாலும் பதம் கெடாது. அரியும் வேலையில்லை, தராசு இல்லை. இடுக்கியால் அள்ளி, பன்னில் வைத்து, மேலே முட்டைக்கோஸ் கோல்ஸ்லா போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நின்றபடியே ஒரு கையால் சாப்பிடலாம். புளிப்பும் உறைப்பும் முதலில் வந்து கொழுப்பை வெட்டுவதால், புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. குறை என்றால், புகையின் மணம் பிரிஸ்கட்டில் பாதிகூட இல்லை. பன்னும் சாஸை உறிஞ்சிக் கடைசி இரண்டு வாயில் கூழாகிவிட்டது.

கொரிய டாக்கோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விலா இறைச்சியை எலும்புக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய் ஆகியவற்றில் ஊறவைத்து, கேட்டபின் கடும் சூட்டில் சில நிமிடங்களில் வாட்டித் தருகிறார்கள். காத்துக் கிடந்த பண்டம் எதுவும் இல்லை என்பதால் மூன்றிலும் கை சுடும் சூட்டில் வந்தது இதுதான். குழந்தைகளின் வாக்கு முழுவதும் இதற்கே. ஆனால் விறகும் புகையும் இல்லாத இதைப் பார்பெக்யூ என்று டெக்சாஸ்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

விலையில் பிரிஸ்கட் தனி உயரத்தில் நிற்கிறது. அரைப் பவுண்டு 18 டாலர். பன்றி இறைச்சி பன் 12 டாலர். டாக்கோ ஒன்று 5 டாலர். கொள்ளை என்று தோன்றும், ஆனால் கொழுப்பைச் செதுக்கியதிலும் சுட்டதிலும் பச்சைத் துண்டின் எடையில் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ போய்விடுகிறது. அதன் மேல் இரவு முழுவதும் நெருப்பைக் காத்த ஆளின் கூலி. கணக்குப் பார்த்தால் நியாயமே.

மாடும் பன்றியும் உண்ணாதவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிஸ்கட் வண்டிகள் பலவற்றில் புகையில் வாட்டிய வான்கோழி நெஞ்சு கிடைக்கும், வரிசையும் அதற்காக அடித்துக்கொள்ளாது. சாசேஜ் மாடும் பன்றியும் கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், கேட்டு வாங்குங்கள். சைவர்கள் ஏமாறுவது பீன்ஸில்தான். அதில் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சியோ பிரிஸ்கட் துணுக்கோ போடுவது இங்கே வழக்கம்.

இந்த ஒப்பீட்டில் பிரிஸ்கட் வண்டிக்கு அநீதி நடந்துவிட்டதோ என்ற உறுத்தலில், அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதே வண்டி வழக்கமாக நிற்கும் இடத்துக்குத் தனியாகப் போனேன். முன்னால் எட்டுப் பேர். 'மாய்ஸ்ட்' கேட்டதும் கிடைத்தது. அரிந்த துண்டை மரப்பெஞ்சுக்குக் கொண்டுபோகும் முன்பே, தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டேன். கொழுப்பு பல்லுக்கு வேலை வைக்காமல் கரைந்தது, மிளகு பின்னால் வந்து கமறியது. சனிக்கிழமை தின்றதும் இதுவும் ஒரே கைப்பக்குவம் என்பதை நம்பக் கடினமாக இருந்தது. ஆஸ்டினுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள லாக்ஹார்ட் ஊருக்கு, 1900-இல் தொடங்கிய கிரூஸ் மார்க்கெட், 1932-இல் தொடங்கிய பிளாக்ஸ் ஆகிய பார்பெக்யூ கடைகளுக்கு ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு போவதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: அடுப்புக்கும் வெட்டும் கட்டைக்கும் மேசைக்கும் இடையே அங்கே சில அடிகளே தூரம்.

ஆகவே என் வரிசைப்படி, விழா மாலையில் பன்றி இறைச்சி வண்டி முதலிடம், டாக்கோ இரண்டாமிடம், புகழ்பெற்ற பிரிஸ்கட் மூன்றாமிடம். நாள் முற்பகல் ஆனால் இந்த வரிசை தலைகீழாகும். விழாவிலேயே பிரிஸ்கட் வேண்டும் என்றால், வண்டிகள் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்க வேண்டும். கரும்பலகையில் 'மாய்ஸ்ட்' மேல் கோடு விழுந்தால் யோசிக்காமல் வரிசையை விட்டு விலக வேண்டும்.

மிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்றி இறைச்சி மறுநாள் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்ததும் முதல் நாள் போலவே எழுந்தது. டாக்கோவில் மிச்சமே இல்லை. வறண்ட 'லீன்' சூடுபடுத்தியதும் இன்னும் வறண்டது. அதைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, சுக்காவாகப் பிரட்டியபோது, ஓக் புகை மணத்தோடு தோசைக்குத் தொட்டுக்கொள்ள வாகாக அமைந்தது. மிளகு மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.