ஸ்பூலை அளக்காமல் கேமராவைக் கழற்றக் கொடுக்காதீர்கள்

120 ரோல் (நடுவே தண்டும் இரண்டு பக்கம் வட்டத் தட்டும் உள்ள ஸ்பூலில், ஃபிலிமும் அதன் பின்னால் ஒரு பேப்பரும் சேர்த்துச் சுற்றி வருவது) போடும் பழைய கேமரா வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆன்லைனில் ரோல் விற்ற ஒருவரும், கேமரா பழுது பார்க்கும் ஒருவருமாக என்னிடமிருந்து 7,750 ரூபாயை வாங்கிவிட்டார்கள். பணம் போனதைவிட, இனி எடுக்கவே முடியாத ஒரு ரோல் படம் போனதுதான் மனதை அறுக்கிறது. என்ன நடந்தது என்று தெரிந்தால் நீங்களாவது தப்பிக்கலாம்.

என்னிடம் இருப்பது யாஷிகா மேட் 124ஜி. அப்பா கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் கல்யாணங்களுக்குத் தூக்கிக்கொண்டு போன கேமரா. ஸ்டூடியோவை மூடிய பிறகு பல வருடம் பீரோவில் இருந்தது. நான் எடுத்துத் துடைத்து, ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடுகிறதா என்று பார்த்து, ஒரு ரோல் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நம் ஊரில் 120 ரோல் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். அப்போது கண்ணில் பட்டதுதான் அந்த விளம்பரம்: கம்பெனி சீல் பிரிக்காத கறுப்பு வெள்ளை ரோல், ஐந்து சேர்த்து 3,250 ரூபாய். வாங்கிவிட்டேன்.

முதல் ரோல் அருமையாக வந்தது. பன்னிரண்டு படம், பன்னிரண்டுக்கும் நடுவே சீரான இடைவெளி. இரண்டாவது ரோலில் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. முதல் படத்தின் ஓரமும் இரண்டாவது படத்தின் ஓரமும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஓவர்லேப். கேமரா கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். நாற்பது வருடப் பொருள், பல்சக்கரம் தேய்ந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

விசாரித்ததில் பலர் சொன்ன ஒரு பழுதுக்கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பின்கதவைத் திறந்தார், உள்ளே இருந்த காலி ஸ்பூலை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார், திரும்ப மாட்டினார். "கியர் போயிடுச்சு தம்பி. வேற கேமராலேர்ந்து எடுத்துப் போடணும். மூணு வாரம் ஆகும்" என்றார். 4,500 ரூபாய். பில் கேட்டேன், துண்டுச் சீட்டில் "வைண்டிங் கியர் மாற்றியது" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஸ்பூலை அவர் விரலில் உருட்டியது இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கேமரா வந்ததும் மூன்றாவது ரோலைப் போட்டேன். சரியாக வந்தது. நிம்மதியாகிவிட்டது. அந்த நம்பிக்கையில்தான் நான்காவது ரோலை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதம் இடிக்கப்போகிற வீடு. திண்ணை, தேய்ந்த மரத்தூண், முற்றத்தில் விழும் வெயில், அத்தை அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் நிதானமாக, வெளிச்சம் பார்த்துப் பார்த்து எடுத்தேன். கழுவி வந்த நெகட்டிவ்வில் அத்தையின் இடது கையின்மேல் முற்றத்துத் தூண் ஏறி நிற்கிறது. பழையபடி அதே மூன்று மில்லிமீட்டர். இப்போது அந்த வீடு இல்லை.

லேபில் ரோல் கழுவும் பையன் நெகட்டிவ் உறையோடு ஒரு ஸ்பூலையும் நீட்டினான். "அண்ணா, உங்க போன ரோல் வந்த ஸ்பூல்ல டேப் சுத்தியிருந்துச்சு. வேணுமோன்னு எடுத்து வச்சேன்" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பி, மெதுவாக உரித்தார். மஞ்சள் காகித டேப், எட்டுச் சுற்று. பேப்பர் நாக்கைச் சொருகும் பிளவுக்கு நேராக மட்டும் பிளேடால் சுத்தமாகக் கீறியிருந்தது. உரித்து முடித்து, தண்டை விரலால் தடவியவர், "இது கம்பெனி ஸ்பூல் இல்லடா" என்றார்.

அப்போதுதான் நானும் தொட்டுப் பார்த்தேன். நகத்தால் நீளவாக்கில் இழுத்தால் சன்னமாக வரி வரியாகத் தட்டுப்படுகிறது. வீட்டிலேயே 3டி பிரிண்டரில் அடித்த ஸ்பூல்.

அப்பா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பழைய காலி ஸ்பூல் வைத்திருக்கிறார். ஊட்டி தொழிற்சாலையின் 'இந்து' ரோல் வந்த காலத்து ஸ்பூல்கூட அதில் உண்டு. 1901இல் கோடக் பிரவுனிக்காக வந்த 120 அளவு இன்றுவரை மாறாததால் அவை எல்லாம் இன்றைய ரோலுக்கும் பொருந்தும். அதில் நான்கை எடுத்து, வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். தண்டின் விட்டம் நான்கிலும் 12 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. இரண்டு பக்கத் தட்டின் விட்டமும் 25 மி.மீ. ஒட்டி. பிரிண்டர் ஸ்பூலில் தட்டு அளவு சரியாக இருந்தது, அதனால்தான் கேமராவுக்குள் இடறாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தண்டு 9.6 மி.மீ. எட்டுச் சுற்று டேப்பும் இருந்தபோது அது ஏறக்குறைய 12 ஆகியிருக்கும்.

இந்த இரண்டரை மில்லிமீட்டருக்கு இத்தனை வேலையா என்று கேட்பீர்கள். இந்தக் கேமரா ஃபிலிம் எவ்வளவு நகர்ந்தது என்று நேராக அளப்பதில்லை. எடுத்த ஃபிலிமை வாங்கிச் சுற்றும் காலி ஸ்பூல் எவ்வளவு சுழன்றது என்பதைத்தான் கணக்கு வைக்கிறது. சுற்றச் சுற்ற உருளை பருக்கும், பருத்த உருளை ஒரு சுற்றுக்கு அதிக ஃபிலிமை இழுக்கும். நான் போட்டுப் பார்த்த கணக்கில், நல்ல ஸ்பூலில் முதல் படத்தின்போது ஒரு சுற்றுக்கு 44 மி.மீ. அளவுக்கு நகரும், பன்னிரண்டாவது படத்தில் அது 60ஐத் தொடும். 6x6 (ஆறு செ.மீ. சதுரம்) என்று சொன்னாலும் படத்தின் உண்மையான அகலம் 56 மி.மீ. தான், இடைவெளியும் சேர்த்து ஒரு தடவைக்கு 62 மி.மீ. நகர வேண்டும். ஆகவே ஆரம்பத்தில் கிட்டத்தட்ட 1.4 சுற்று, கடைசியில் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். கவுண்டர் சக்கரத்தின் வெட்டுகள் இந்தக் குறைந்துவரும் கணக்குக்கு ஏற்றபடிதான் இருக்கின்றன. தண்டு மெலிந்திருந்தால் அதே 1.4 சுற்றுக்கு 53 மி.மீ. தான் நகரும். 56 மி.மீ. படத்துக்கு 53 மி.மீ. இடம். அந்த மூன்று மில்லிமீட்டர் இப்படித்தான் வந்தது. (சிவப்புச் சன்னல் வழியே நம்பரைப் பார்த்துத் திருகும் அக்ஃபா க்ளிக் III போன்ற கேமராக்களில் இந்தத் தொல்லையே வராது. நம்பர் பேப்பரிலேயே அச்சாகியிருக்கிறது.)

முதல் ரோல் ஏன் நன்றாக வந்தது? 120இல் ரோல் தீர்ந்ததும், அது வந்த ஸ்பூல் காலியாகி கேமராவிலேயே தங்கிவிடும். அதை மறுபக்கம் மாற்றிப் போட்டுத்தான் அடுத்த ரோலைச் சுற்றுவோம். என் முதல் ரோல் அப்பா காலத்து ஸ்பூலில் சுற்றியது. அந்த ஸ்பூல் ரோலோடு லேபுக்குப் போய்விட்டது. இரண்டாவது ரோல், முதல் ரோல் வந்த பிரிண்டர் ஸ்பூலில் சுற்றியது. கோளாறு எப்போதும் ஒரு ரோல் தள்ளித்தான் வெளியே தெரியும். அதனால்தான் யாரும் ரோலைச் சந்தேகப்படாமல் கேமராவைச் சந்தேகப்படுகிறோம்.

பழுதுக்கடைக்காரர் செய்ததும் இதே கணக்கில் விளங்கிவிட்டது. விரலில் உருட்டியபோதே தண்டு மெலிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கியரைத் தொடவே இல்லை. கேமராவில் இருந்த ஸ்பூலுக்கு டேப் சுற்றி அனுப்பிவிட்டார். அந்த ஸ்பூலில் சுற்றிய ரோல் நன்றாக வரும், அதோடு ஸ்பூலும் லேபுக்குப் போய்விடும், தடயம் இருக்காது. டேப் சுற்றுவது தெரிந்தவர்கள் செய்கிற பழைய உபாயம்தான், அதில் தப்பில்லை. "தம்பி, உன் கேமரா நல்லா இருக்கு, இந்த ஸ்பூலைத் தூக்கிப் போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஐந்நூறு ரூபாய் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். அத்தை படங்களும் பிழைத்திருக்கும். தெரிந்தே மறைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஸ்பூலோடும் உரித்த டேப்போடும் போய்க் கேட்டேன். "படம் வந்துச்சா இல்லையா?" என்றார். மாற்றிய பழைய கியரைக் காட்டச் சொன்னேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை. ரோல் விற்றவருக்கு காலிப்பரில் வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன். "உங்க கேமரா பழசு சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று ஒரு பதில் வந்தது, அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பழுதுக்கடைத் துண்டுச் சீட்டின் நகலையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

அந்த ரோல்களைத் திரும்பப் பார்த்தால் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடங்கள் இருந்தன. கழுவிய நெகட்டிவ்வின் ஓரத்தில் கம்பெனி பெயரோ படத்தின் எண்ணோ எதுவும் இல்லை. பேப்பரின் வால்பகுதியில், எடுத்து முடித்த ரோலை ஒட்டும் பசைப் பட்டையின் இடத்தில், ஒரு தடவை ஒட்டிக் கிழித்த தடம் இருந்தது. யாரோ பயன்படுத்திய பேப்பரில் வேறு எங்கிருந்தோ வாங்கிய ஃபிலிமை வெட்டி ஒட்டி, புது உறையில் போட்டிருக்கிறார்கள். கையால் சுற்றிய ரோலை அப்படிச் சொல்லியே விற்கும் நேர்மையான ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நானும் வாங்குவேன். கம்பெனி சீல் என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

உங்களுக்கு ஓவர்லேப் வந்தால், கேமராவைக் கழற்றக் கொடுக்கும் முன் நெகட்டிவ்வை போனின் வெள்ளைத் திரைமேல் வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் பதினோரு இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். ஆரம்பத்தில் ஓவர்லேப் அதிகமாக இருந்து போகப் போகக் குறைந்தால், வாங்கிச் சுற்றிய ஸ்பூலின் தண்டு மெலிந்தது. என் நான்காவது ரோலில் முதல் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் ஏறியிருந்தது, கடைசி இரண்டு படங்கள் விளிம்போடு விளிம்பு தொட்டுக்கொண்டு நின்றன. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக இடைவெளி சுருங்கினால், ஃபிலிமோ பேப்பரோ வழக்கத்தைவிட மெல்லியது. ஒரு ஒழுங்கும் இல்லாமல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தால்தான் கேமராவைச் சந்தேகப்பட வேண்டும், அதுவும் ரோலைத் தொளதொளவென்று போடவில்லை என்று உறுதியான பிறகு. ஒரு சாதாரண காலிப்பர் சில நூறு ரூபாய்தான். புது ஆளிடம் வாங்கிய ரோல் தீர்ந்ததும் காலி ஸ்பூலின் தண்டை அளந்து பாருங்கள். தண்டு பென்சில் அளவுக்கு மெலிந்து, தட்டும் 23 மி.மீ. ஒட்டி இருந்தால் அது 620 என்ற வேறு அளவு ஸ்பூல், அதைப் போடும் கேமராவே வேறு.

அப்பாவின் 1980களின் கல்யாண நெகட்டிவ் ஒன்றையும் அளந்து பார்த்தேன், இதே கேமராவில் எடுத்தது. முதலிலிருந்து கடைசி வரை எல்லா இடைவெளியும் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே. போன வாரம் ஹார்லிக்ஸ் பாட்டில் ஸ்பூல் ஒன்றை மாட்டி, கடையில் நேரில் வாங்கிய ரோலைப் போட்டு எடுத்தேன். அதே ஆறு மில்லிமீட்டர். கேமராவுக்கு ஒரு நாளும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்த ஐந்தாவது ரோல் பிரிக்காமல் புகாருக்காக இருக்கிறது. லேப் பையனிடம் என் ஸ்பூல்களை இனி எப்போதும் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன்.