கடைக்கு வோக்கி டோக்கி: சிம் போட்டதா, அலைவரிசை எடுத்ததா?

கொழும்பு புறக்கோட்டையில் எங்களுடையது மொத்தப் புடவைக் கடை. முன்னால் மூன்று மாடி, இரண்டு சந்து தள்ளிக் கிட்டங்கி. வாடிக்கையாளர் கவுன்டரில் நிற்கும்போதே அவர் கேட்ட சாரம் கிட்டங்கியில் இருக்கிறதா என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அதற்காகத்தான் வோக்கி டோக்கி எடுப்பது என்று முடிவானது. முன்னால் இருந்தவை இரண்டு வகை. ஒன்று, சிம் போட்டு மொபைல் நெட்வேர்க் வழியாகக் கதைக்கும் புது செட். மற்றது, அனுமதிப்பத்திரம் எடுத்து, நமக்கென்று ஒதுக்கித் தரும் யூ.எச்.எப். என்ற வகை வானொலி அலைவரிசையில் கதைக்கும் பழைய பாணி செட். இரண்டையும் கடையில் வைத்துப் பாவித்துப் பார்த்துவிட்டு யூ.எச்.எப். எடுத்தோம். இன்றைக்கு யார் கேட்டாலும், ஒரே கட்டடத்துக்குள் அல்லது பக்கத்துப் பக்கத்துத் தெருக்களுக்குள் வேலை என்றால், அதையே எடுக்கச் சொல்வேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு கையிலும் துணிச் சுருள் பிடித்திருப்பவரால் போனைத் திறந்து பெயர் தேட முடியாது. போதாததற்கு 2018, 2019, 2022 ஆகிய வருடங்களில் இந்த நாட்டில் சமூக ஊடகங்களை முடக்கியபோது வாட்ஸ்அப்பும் சேர்ந்து நின்றது. வியாபாரத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிம் செட்டில் சிக்னல் இருக்கும் இடமெல்லாம் கதைக்கலாம், யாழ்ப்பாணம் வரைக்கும். 4 வாட் யூ.எச்.எப். கைச்செட் நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே சில தெருக்கள்தான் போகும். பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வெட்டவெளிக்கானது. எங்களுக்கு இரண்டு சந்து போதும். சத்தம் இரண்டிலும் தெளிவு. சிம் செட்டில் பட்டனை அமுக்கிய பிறகு குரல் போய்ச்சேரக் கொஞ்சம் தாமதம் ஆகும், ஏனென்றால் ஒரே படிக்கட்டில் நிற்கும் இருவர் கதைத்தாலும் அது எங்கோ இருக்கும் சேர்வர் வரை போய்த்தான் திரும்புகிறது.

அனுமதிப்பத்திர விஷயத்தில் சிம் செட்டுக்குத்தான் வெற்றி. தனி அலைவரிசை வேண்டியதில்லை, இங்கே அங்கீகரிக்கப்பட்ட கருவியாக இருந்தால் போதும். யூ.எச்.எப். என்றால் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விண்ணப்பித்து அலைவரிசையும் அனுமதியும் எடுக்கவேண்டும். அலுவலகம் எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. நல்ல விற்பனையாளர் என்றால் படிவ வேலையை அவரே பார்த்துத் தருவார். இதைத் தவிர்க்கலாம் என்று நினைத்து, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் செட்டை வாங்கி, அதில் ஏற்கெனவே பதிந்து வரும் அலைவரிசையிலேயே கதைக்கத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த அலைவரிசை உங்களுடையது அல்ல. யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்கு, கையில் ஒரு வோக்கி டோக்கி இருந்தால் என்னென்ன கேள்வி வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கடையில் அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்று காசு மேசை லாச்சியிலேயே இருக்கிறது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். வாங்கும்போது யாரும் கேட்காத, வாங்கிய பிறகு தினமும் கேட்கவேண்டிய கேள்வி பற்றரிதான். என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் தீர்மானிக்கிறது.

யூ.எச்.எப். செட் சும்மா இருக்கும்போது கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது, அதற்கு மிகக் கொஞ்ச மின்சாரம் போதும். பட்டனை அமுக்கிக் கதைக்கும்போதுதான் பற்றரி இறங்கும். சிம் செட் அப்படியல்ல. அது போன் மாதிரியே எந்நேரமும் டவருடன் தொடர்பில் இருக்கவேண்டும். சிக்னல் பலவீனமான இடத்தில் டவரை எட்டுவதற்காகத் தன் அலைவலுவைக் கூட்டும், விட்டுப்போனால் திரும்பத் திரும்பத் தேடும். எங்கள் கிட்டங்கி தடித்த சுவர் உள்ள பழைய கட்டடம், உள்ளே கூரை வரை துணிக்கட்டு. அங்கே வைத்த சிம் செட், கடை வாசலில் இருந்த அதே வகை செட்டைவிட மிக முந்தியே சிவப்புக் காட்டிவிடும். நான் பார்த்த சிம் செட்களில் 4000 மில்லி அம்பியர் மணிப் பற்றரி. யூ.எச்.எப். செட்டில் இருப்பது அதில் பாதியளவு. ஆனாலும் கடை பூட்டும்வரை நின்றது சின்னப் பற்றரிதான்.

விற்பவர் சொல்லும் மணிக்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூ.எச்.எப். செட்டின் பெட்டியில் இருக்கும் எண் வழக்கமாக 5-5-90 என்ற கணக்கில் வருவது. அதாவது நூற்றுக்கு 5 பங்கு நேரம் கதைப்பது, 5 பங்கு கேட்பது, மீதி 90 பங்கு சும்மா இருப்பது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் புறக்கோட்டையில் எந்த செட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு சும்மா இருக்காது. அந்த நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு மேலதிகப் பற்றரி கையில் இருக்கவேண்டும். யூ.எச்.எப். செட்டில் பின்பக்கப் பூட்டைத் தள்ளினால் பற்றரி கழன்று வரும், அடுத்ததை மாட்டினால் உடனே வேலை செய்யும். சிம் செட் திரும்ப உயிர்பெற்று, நெட்வேர்க் பிடித்து, குழுவில் சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். சிலவற்றில் பற்றரியைக் கழற்றவே முடியாது, அவற்றைப் பக்கத்திலும் எடுக்காதீர்கள்.

அப்புறம் இரண்டாம் வருடம். லிதியம் அயன் பற்றரி எதுவானாலும் சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் கொள்ளளவு குறையத்தான் செய்யும். அப்போது அதே மொடல் பற்றரி கொழும்பில் கிடைக்குமா? மோட்டரோலா, கென்வூட் போன்ற பெயர்களின் சாதாரண மொடல்களுக்குப் பல வருடம் கழித்தும் பற்றரி தேடி எடுக்கலாம், போலியைத் தவிர்க்க பில்லோடு வாங்கினால் சரி. பெயர் தெரியாத சிம் செட்டின் மொடல் அடுத்த வருடமே மாறிவிடுகிறது. முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் வேறு மொடலைக் காட்டுவார்கள். பற்றரி இல்லாமல் போன செட்டை என்ன செய்வது? சிம் செட்டுக்காக மாதாமாதம் சந்தா கட்டும் சேவை நின்றாலும் இதே கதைதான்.

பராமரிப்பு பெரிய வேலை அல்ல, ஆனால் ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பற்றரியிலும் வாங்கிய மாதத்தையும் ஓர் எண்ணையும் மார்க்கரால் எழுதி வையுங்கள், எது சீக்கிரம் இறங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். செட்டை நிறுத்திவிட்டு சார்ஜரில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் ஜன்னலில் சார்ஜரை வைக்காதீர்கள், சூட்டில் ஏற்றினால் பற்றரியின் ஆயுள் குறையும். துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று வேறு. பற்றரியின் பின்னால் இருக்கும் பித்தளை நிறத் தகடுகள் மங்கி, ஓரத்தில் பச்சை கட்டும். காய்ந்த துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். சார்ஜரில் விளக்கு எரியாமல் போனால் பற்றரியைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தத் தகட்டைப் பாருங்கள். சீசன் முடிந்து எடுத்து வைக்கும் மேலதிகப் பற்றரியை முழுதாக ஏற்றியும் வைக்கவேண்டாம், முழுதாக இறக்கியும் வைக்கவேண்டாம், பாதியளவில் வையுங்கள்.

செட் பண்ணும்போதும் இதே கவனம் உதவும். விற்பனையாளர் கணினியில் கேபிள் போட்டுத்தான் அலைவரிசையைப் பதிவார். அப்போது பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள். கடைக்குள் வேலை செய்யும் சனலுக்கு 1 வாட் போதும், கிட்டங்கிச் சனலுக்கு மட்டும் 4 வாட். பற்றரியும் மிஞ்சும், அயலுக்கும் தொல்லை இல்லை. யாராவது பட்டனில் கை வைத்தபடி கட்டு தூக்கினால் சனல் முழுதும் அடைபடும். அதற்கு 60 விநாடியில் தானாக நிற்கும் வசதியைப் போடச் சொல்லுங்கள். சி.டி.சி.எஸ்.எஸ். என்ற தொனிக் குறியீடு எல்லா செட்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும், ஒரு செட்டில் மாறிப்போனாலும் அது ஊமையாக நிற்கும். இந்தத் தொனி மற்றவர்களின் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்குமே தவிர, நம் பேச்சை மற்றவர் கேட்பதைத் தடுக்காது. ஆகவே காசுக் கணக்கு, வங்கிக்கு யார் போகிறார் என்பதெல்லாம் செட்டில் கதைக்கக் கூடாது.

பாவிப்பதற்கு எங்கள் பையன்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: அமுக்கு, ஒரு விநாடி பொறு, இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வைத்துச் சாதாரணக் குரலில் சொல்லு. “கிட்டங்கி, கிட்டங்கி, நீலக்கட்டம் போட்ட சாரம் பத்துக் கட்டு அனுப்புங்க.” முதல் விநாடி பொறுக்காவிட்டால் “கிட்டங்கி” என்பது “டங்கி” என்றுதான் அந்தப் பக்கம் கேட்கும்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். டவர்களின் பற்றரி இறங்கியபோது மொபைல் சிக்னலும் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட அன்று நாடு முழுதும் இருட்டு. யூ.எச்.எப். கைச்செட்டுகள் ஒன்றோடொன்று நேராகக் கதைப்பவை, நடுவில் டவர் கிடையாது. ஏற்றிய பற்றரி கையில் இருந்தால் போதும்.

டிஜிட்டல் யூ.எச்.எப். எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் வோக்கி டோக்கித் தரத்தில் 12.5 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசை அகலத்தை நேரத்தால் இரண்டாகப் பிரிப்பதால், கதைக்கும்போது அலைபரப்பி பாதி நேரம்தான் வேலை செய்கிறது, பற்றரி கூட நேரம் நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இரவல் செட்டில் கொஞ்ச நாள்தான் பாவித்தேன், இரண்டாம் வருடம் அது எப்படி நிற்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. சாதாரண செட்டைவிட விலையும் கூட. பழைய செட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்பதும் நான் சோதித்துப் பார்க்காத விஷயம்.

சிம் செட்டை முழுதாக ஒதுக்கவில்லை. கண்டிக்கும் மட்டக்களப்புக்கும் சரக்கு கொண்டுபோகும் லொறிச் சாரதிமாரிடம் இப்போதும் அதுதான் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு வேறு வழியில்லை. வண்டி ஓடும்போது டாஷ்போர்ட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருப்பதால், கிட்டங்கியில் பட்ட பற்றரிப் பாடு அவர்களுக்கு இல்லை.