நோட் ஜேஎஸ்: இருவர் சேர்ந்து கற்ற அனுபவம்

குன்னூரில் கணக்கு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், இனி நோட் ஜேஎஸ் படிக்கலாமா என்று கேட்டிருந்தாள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரலை உலாவிக்கு வெளியே, கணினியில் நேரடியாக ஓட்டும் மென்பொருள்தான் நோட் ஜேஎஸ். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். கோத்தகிரியில் நானும், பி.சி.ஏ. முடித்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து, சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிந்து மாதக் கணக்குப் போடும் சிறிய சர்வர் (கோரிக்கை வந்தால் பதில் தரும் நிரல்) ஒன்றை எழுதியபடியேதான் இதைக் கற்றோம். அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய லேப்டாப்பே இதற்குப் போதும். சில வரிகளில் சர்வர் எழுந்து பதில் சொல்லத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கரண்டும் சிக்னலும் போய்ப் போய் வரும் ஊரில், ஒருமுறை இறக்கிய பேக்கேஜ்களை (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களை) நோட்டோடு வரும் என்பிஎம் என்ற கருவி சேமித்து வைத்து, கேட்டால் அங்கிருந்தே எடுத்துத் தருவது பெரிய உதவி.

ஆனால் ஒரு எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. ஒரே ஒரு கோப்பைப் படிக்க மூன்று வழிகள் இருக்கின்றன: படித்து முடிக்கும்வரை மற்ற எல்லாக் கோரிக்கைகளையும் நிறுத்தி வைக்கும் ‘சிங்க்’ வழி, வேலை முடிந்ததும் கூப்பிட ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவைக்கும் கால்பேக் வழி, பின்னால் வரப்போகும் மதிப்புக்கு ரசீது போல ஒன்றை உடனே தரும் ப்ராமிஸ் வழி. இணையப் பாடங்கள் இம்மூன்றையும் எந்த விளக்கமும் இல்லாமல் கலந்து கொடுக்கின்றன. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2009-இல் நோட் ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரயன் டால், அதே ஆண்டு ஜூனில் ப்ராமிஸைச் சேர்த்து, 2010 பிப்ரவரியில் எடுத்துவிட்டார். அப்படி எடுத்ததற்கு வருந்துவதாக 2018-இல் ஒரு மாநாட்டு உரையில் அவரே சொன்னார். ப்ராமிஸின் மதிப்பு வரும்வரை அந்த வரியிலேயே காத்திருக்கச் சொல்லும் அசிங்க்–அவெய்ட் நோட்டுக்கு 2017-இல்தான் வந்து சேர்ந்தது. இடையில் கால்பேக்கே பரவிவிட்டது. அந்த இடைவெளியின் சுமையைப் புதிதாகக் கற்க வருபவர் ஏன் சுமக்க வேண்டும்?

‘அவெய்ட்’ என்ற சொல்லை எழுத விட்டுப்போனால் நோட் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது என்பதுதான் இதில் கொடுமை. ஒரு நாள் எங்கள் மொத்த எடைக் கட்டத்தில் கிலோ வர வேண்டிய இடத்தில், பூஜ்யத்தை ஒட்டி ‘ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்’ என்று வந்து நின்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இன்னும் வந்து சேராத மதிப்பை எழுத்தாக மாற்றி, பூஜ்யத்தோடு ஒட்டிவைத்துவிட்டு நிரல் மேலே போய்விட்டது.

அன்று கீபோர்டு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. கூட்டல் வரியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தி, “இருங்கக்கா, எடை இன்னும் கைக்கே வரலியே, அதுக்குள்ள கூட்டிட்டோமே” என்றாள். தனியாக இருந்தால் அந்த வரியைக் கண்ணால் பலமுறை கடந்து போயிருப்போம். இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்போதுதான் எது முதலில் நடக்கிறது, எது காத்திருக்கிறது என்பதை மனம் வரிசைப்படுத்துகிறது. 1990-களின் இறுதியில் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் ப்ரோகிராமிங் என்ற நிரலெழுதும் முறையில் இருவர் ஒரே திரையின் முன் அமர்ந்து எழுதுவது ஓர் அடிப்படை வழக்கம். அதன் பலனை வேகம் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு வேகம் கூடவில்லை, இருவர் நேரமும்தான் செலவானது. ஆனால் நிரலின் எந்தப் பகுதியும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இல்லை. நான் ஊரில் இல்லாத மாதக் கடைசியில் அவள் ஒருத்தியாகவே கணக்கை முடித்துக் கொடுத்தாள். கீபோர்டை அடிக்கடி கைமாற்றிக்கொள்வது மட்டும் கட்டாயம். இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருப்பவர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார்.

இவ்வளவு சொன்ன பிறகும், தனியாகப் படிப்பதாக இருந்தால் நோட் ஜேஎஸ் வேண்டாம் என்றே குன்னூர்த் தோழிக்குச் சொல்வேன், பைதான் மொழியில் தொடங்கட்டும். கூட உட்கார ஒருவர் கிடைத்தால் நோட்டின் எல்டிஎஸ் (நீண்ட காலம் திருத்தங்கள் தரப்படும்) பதிப்பை நிறுவி, கால்பேக்கில் எழுதிய பாடங்களை ஒதுக்கிவிட்டு, முதல் நாளிலிருந்தே ப்ராமிஸ் வழியில் மட்டும் எழுதட்டும்.